ஓசையின் ஊற்றுக்கண்

செஞ்சிக்கு வருவோரின் கண்ணை முதலில் கவர்வது மலையும் மதிலுமே. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்க, அவற்றை வளைத்து நெடுமதில் ஓடுகின்றது. 1677-ஆம் ஆண்டில் சிவாஜியின் வசமான இக்கோட்டையை, 1690 முதல் 1698 வரை முகலாயப் படை விட்டும் தொட்டும் முற்றுகையிட்டது. 2025-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்ற பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டில் உள்ளது இஃது ஒன்றே. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கிய பெருமையை மதிலுக்கும் பீரங்கிக்கும் மட்டும் வழங்கிவிடல் முறையன்று. குன்றின் சுனைகளும், அடிவாரத்துக் குளங்களும், கல்யாண மகாலுக்கு நீர் கொணர்ந்த மண்குழாய்களும் அப்பெருமையில் பங்குடையன. குடிக்க நீரின்றேல் கோட்டை மதிலால் யாது பயன்? வெளியே தோன்றும் வலிமையை உள்ளே இருக்கும் சேமிப்பே தாங்குகின்றது.

இவ்வுண்மை கோட்டைக்கு மட்டும் உரியதன்று. அக்கோட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களின் திருவிழாப் பந்தலில் முழங்கும் ஒலிபெருக்கிக்கும் இது பொருந்தும்.

செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டுக்குப் பேர்பெற்றது. செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரியில் பழஞ்சிறப்பு வாய்ந்த திரௌபதி அம்மன் கோயில் இருக்கின்றது. வல்லம் முதலிய ஊர்களை உள்ளிட்ட இப்பகுதியில், திரௌபதி அம்மன் விழா என்றால் பகலில் பாரதம் படித்தலும், இரவில் தெருக்கூத்தும், முடிவில் படுகளமும் தீமிதியும் நடைபெறுதல் மரபு. உழவு முடித்து வந்த மக்கள் பாயை விரித்து அமர்ந்து, பாண்டவர் கதையைத் தம் வீட்டுக் கதை போலக் கேட்பர். பாஞ்சாலி சபையில் கூந்தலை விரித்துச் சூளுரைக்கும் கட்டம் வரும்போது, உறங்கிய குழந்தையையும் எழுப்பி உட்கார வைப்பர்.

மின்சாரம் வாராத காலத்தில் கூத்தர் தம் தொண்டையையே நம்பினர். அடிவயிற்றிலிருந்து குரலை எழுப்பி, கூட்டத்தின் கடைக்கோடி வரை வீசினர். முன்னவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் மீண்டும் எடுத்துப் பாடினர். அஃது இசைக்கு அழகு சேர்த்தது. அதனுடன், முதன்முறை காதில் விழாத சொல்லை மறுமுறை விழச் செய்தது. பின்னர் ஒலிவாங்கி வந்தது. அதனை ஊரார் 'மைக்' என்பர். குரலைப் பெருக்கும் பெட்டி வந்தது. அதற்கு 'ஆம்பிளிபையர்' என்று பெயர். மரத்திலும் கம்பத்திலும் கட்டிய குழாய்களும் வந்தன. குரல் எளிதாக நெடுந்தூரம் சென்றது. ஆயின், குரல் சென்ற இடமெல்லாம் சொல்லும் சென்றதா என்பது வேறு கேள்வி.

பல ஊர்களில் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. மேடையில் கூத்தர் உரக்கப் பாடுகின்றார். மத்தளத்தின் இடப்பக்கம் ஓங்கி அறையப்படும்போதெல்லாம் பாட்டு ஒரு கணம் மங்கி, மீண்டும் தலை தூக்குகின்றது. பாட்டு நின்று வசனம் தொடங்கும் அமைதியிலோ, குழாய்களிலிருந்து 'ஊம்' என்னும் முரலொலி இடையறாது கேட்கின்றது. சூளுரை எழும் கட்டத்தில் உரத்த கரகரப்பு மட்டும் எஞ்சுகின்றது. பின்வரிசையில் அமர்ந்த முதியவர், 'என்ன சொன்னாள்?' என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கின்றார். சிலர் மைக்கைக் குறை கூறுவர். சிலர் குழாயைக் குறை கூறுவர். கூத்தரின் தொண்டையைப் பழிப்பாரும் உண்டு. அடுத்த ஆண்டு இன்னும் நான்கு குழாய்கள் கட்ட வேண்டுமென்று ஊர்ப்பணத்தில் முடிவு செய்வாரும் உண்டு. ஆனால், குறை பல வேளைகளில் எவர் கண்ணுக்கும் படாத ஓரிடத்தில் இருக்கின்றது. பெட்டிக்கு மின்னாற்றலை ஊட்டும் பகுதியே அவ்விடம். அதனை மின்வழங்கி எனலாம்.

இதனை விளங்கிக்கொள்ள, பெருக்கி என்னும் பொறி உண்மையில் செய்யும் தொழிலை அறிதல் வேண்டும். சிறிய ஒலியை அஃது ஊதிப் பெரிதாக்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழை. மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே. குழாயின் உள்ளே இருக்கும் மென்தகட்டை அசைக்கவோ பல வோல்ட் வேண்டும். அவ்வாற்றலை மைக் தரவில்லை, மின்வழங்கியே தருகின்றது. ஏரியின் மதகை நினைத்துப் பார்க்கலாம். மதகைத் திறக்கும் கைக்கு வேண்டிய வலிமை சிறிது. மதகு வழியாகப் பாயும் வெள்ளமோ பெரிது. கை ஏறி இறங்குவதற்கு ஏற்ப வெள்ளம் பெருகியும் குறைந்தும் செல்கின்றது. மைக்கின் சிறு மின்னோட்டமே அக்கை. பெருக்கியின் டிரான்சிஸ்டரே அம்மதகு. ஏரி நீரே மின்வழங்கி தரும் ஆற்றல். ஆகவே, குழாயிலிருந்து வெளிவரும் குரல், பாடுவோர் வடிவு கொடுத்த மின்வழங்கியின் ஆற்றலேயாகும். 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்னும் பழமொழி இப்பொறிக்கென்றே எழுந்ததோ என்று தோன்றும்.

இம்மதகைக் கண்டறிந்த வரலாறு சுவையானது. 1906-ஆம் ஆண்டில் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் என்பார் மூன்று உறுப்புகள் கொண்ட வெற்றிடக் குழலை அமைத்தார். வால்வு என்று நம் முன்னோர் அறிந்தது இதன் வழிவந்ததே. 1915-ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்திய நாளில், சான்பிரான்சிஸ்கோ நகரமண்டபத்தின் முன் பெருங்கூட்டம் கேட்கும்படி ஒலிபெருக்கி முழங்கியது. 1947-ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. மதகுகள் இவ்வாறு மாறின. எனினும், பின்னால் நிரம்பிய ஏரி ஒன்று வேண்டும் என்னும் தேவை மாறவில்லை.

வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகின்றது. பெருக்கிக்கு வேண்டியதோ ஒரே திசையில் நிலையாக நிற்கும் நேர்மின்னோட்டம். ஆதலால் மின்வழங்கி மூன்று தொழில்களைச் செய்கின்றது. முதலில், மின்மாற்றி 230 வோல்ட்டை வேண்டிய அளவுக்குக் குறைக்கின்றது. அடுத்து, மின்திருத்தி பின்னோக்கிப் பாயும் அலைகளையும் முன்னோக்கித் திருப்புகின்றது. அதனால் நொடிக்கு 100 மேடுகளும், அவற்றிடையே 100 பள்ளங்களும் உண்டாகின்றன. மூன்றாவதாக, மின்தேக்கி அம்மேடுகளில் நிரம்பி, பள்ளங்களில் தன்னிடமுள்ளதை வழங்கிச் சமன் செய்கின்றது. மழைக்காலத்தில் நிரம்பிக் கோடையில் வழங்கும் நம் ஏரிகளின் தொழிலை, மின்தேக்கி நொடிக்கு நூறு முறை செய்கின்றது என்றால் அது மிகையன்று.

ஏரி சிறியதாயின் என்ன நேரும்? ஒரு கணக்கைப் பார்ப்போம். பெருக்கி 2 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுப்பதாகக் கொள்வோம். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் செல்கின்றது. மின்தேக்கியின் கொள்ளளவு 10,000 மைக்ரோபாரடாக இருப்பின், அந்நேரத்தில் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ட் இறங்கும். கொள்ளளவு 2,000 மைக்ரோபாரடே எனின், ஏறத்தாழ 10 வோல்ட் இறங்கிவிடும். மின்வழங்கி நிலையாக நிற்பதற்கு மாறாக, நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கித் தள்ளாடும்.

அத்தள்ளாட்டமே அமைதியில் கேட்கும் முரலொலிக்கு ஒரு காரணம். நொடிக்கு 100 அதிர்வும், அதன் மடங்குகளான 200, 300 அதிர்வுகளும் அதில் கலந்திருக்கும். இசை அறிந்தவர்க்கு இதன் தீமை எளிதில் விளங்கும். ஆர்மோனியம் ஒரு சுருதியைத் தருகின்றது. கூத்தர் அதனோடு இழைந்து பாடுகின்றார். அழையாத விருந்தாகப் புகுந்த மின்சாரமோ தனக்கென ஒரு சுருதி வைத்திருக்கின்றது. பாடுவோர் எச்சுருதியில் நின்றாலும் அது தன் சுருதியை விட்டுக் கொடுப்பதில்லை. மைக்கின் கம்பியை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டுவதாலும், நிலத்தொடுப்பு முறையாக இல்லாமையாலும் இத்தகைய முரலொலி எழுவதுண்டு. கைதேர்ந்தவர் பெட்டியைத் திறக்கும் முன்னர்க் கம்பிகள் செல்லும் வழியைப் பார்ப்பது இதனாலேயே.

இரண்டாம் தீமை, ஓங்கிய ஒலியில் தோன்றுவது. மின்வழங்கி 24 வோல்ட் தருமாயின், பெருக்கி எழுப்பும் அலையின் உச்சி அதற்கு மேல் செல்ல இயலாது. 8 ஓம் மின்தடையுள்ள ஒலிபெருக்கிக்கு அதனால் 36 வாட் ஆற்றலைத் தரலாம். திருவிழா இரவில் ஊர்க் கம்பியின் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 192 வோல்ட்டாகத் தாழ்கின்றது என்க. அப்பொழுது அந்த 24 வோல்ட்டும் 20 வோல்ட்டாகச் சுருங்கும். 36 வாட் 25 வாட்டாகும். அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்கு குறைய, ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது.

அந்நிலையில் மத்தளம் ஓங்கி ஒலிக்கின்றது. அதன் தாழ்ந்த ஒலிக்கு மிகுந்த மின்னோட்டம் வேண்டும். மின்தேக்கி வற்றுகின்றது, மின்னழுத்தம் மேலும் இறங்குகின்றது, அலையின் தலை வெட்டுண்ணுகின்றது. மத்தளத்தின் பேரலை மீது சிற்றலையாக ஏறி வந்த குரலும் அத்தலையோடு சேர்ந்து வெட்டுண்ணுகின்றது. அடிக்கு அடி பாட்டு மங்கிய காரணம் இதுவே. கூத்தர் பாடாமல் நிறுத்தவில்லை. மைக் கேட்காமல் இருக்கவில்லை. வழங்குவதற்கு அங்கே ஆற்றல் இல்லை.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. சொற்களில் உயிரொலிகள் வலிமை மிக்கவை. மெய்யொலிகள் பலவும் மெலியவை. ஆயின், பொருளை வேறுபடுத்துவன பெரிதும் மெய்யொலிகளே. 'கலை' என்பது வேறு, 'களை' என்பது வேறு, 'கழை' என்பது வேறு. 'பகை' என்பதும் 'படை' என்பதும் ஒன்றாகா. இந்நுண்ணிய வேறுபாடுகள் கரகரப்பில் மறைந்தால், செவிக்கு ஓசை எட்டும். உள்ளத்துக்குப் பொருள் எட்டாது. ஆண்டுக்கு ஒருமுறை கேட்கும் கதையில், ஊர் முழுதும் காத்திருக்கும் சூளுரை வெறும் இரைச்சலாகிப் போகும்.

சிற்றூரில் இத்துன்பம் மிகுவதற்குக் காரணம் உண்டு. 1932-இல் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும் நீர்மின்னாற்றல் உண்டாக்கப்பெற்றது. 1957-இல் சென்னை மாநில மின்வாரியம் அமைந்தது. பின்னர்ச் சிற்றூர்களுக்கும் கழனிகளுக்கும் கம்பிகள் பரவின. ஆனால், மின்மாற்றியிலிருந்து நெடுந்தூரம் செல்லும் கம்பியில் அழுத்தம் வழியெல்லாம் சிறிது சிறிதாகக் குறையும். அக்கம்பியிலேயே நீரிறைக்கும் பம்புகளும் ஓடினால் இன்னும் குறையும். பந்தலுக்கு ஓடும் கம்பி மெலிந்ததாயிருப்பின், எஞ்சியதிலும் ஒரு பங்கு அக்கம்பியைச் சூடாக்கியே வீணாகும். சீரியல் விளக்குகளையும் பெருக்கியையும் ஒரே சிறு ஜெனரேட்டரில் பூட்டினால், விளக்கு சிமிட்டுந்தோறும் குரலும் தடுமாற இடமுண்டு. கால்வாயின் கடைமடை உழவருக்கு நீர் குறைவது போல, கம்பியின் கடைமடைப் பந்தலுக்கு மின்சாரம் குறைகின்றது.

இக்குறையை நீக்க வல்லவர், விழாவுக்கு ஒலிபெருக்கி அமைக்கும் தொழிலாளரே. அத்தொழிலில் தேர்ந்தவரின் செயல்முறை கூர்ந்து நோக்கத்தக்கது. அவர் பகலிலேயே வந்து மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பார். தடித்த கம்பியைக் குறுகிய வழியில் இழுப்பார். நிலத்தொடுப்பை உறுதி செய்வார். அது முரலொலியைத் தடுக்க உதவுவதோடு, பாடுவோரின் உயிரையும் காப்பது. மத்தளத்துக்கு ஒரு பெருக்கியும் குரலுக்கு ஒரு பெருக்கியும் தனித்தனியே வைப்பார். அப்பொழுது மத்தளம் எவ்வளவு ஆற்றலை இழுத்தாலும், குரலுக்குரிய தேக்கம் வற்றாது. இத்தனையும் செய்தபின் பெட்டியின் திருகை முழுதும் முறுக்காமல், எஞ்சிய ஆற்றலை ஓங்கிய கட்டத்துக்கென விட்டு வைப்பார். விதைநெல்லைக் குத்தி உண்ணாத உழவரின் அறிவு அவரிடம் உண்டு.

அறியாதவர் செய்வது இதற்கு நேர்மாறானது. சொல் விளங்கவில்லை என்றவுடன் திருகை மேலும் முறுக்குவர். அலையின் தலை மேலும் வெட்டுண்ணும், கரகரப்பு மிகும். பந்தலில் இருப்போர்க்குக் கதை விளங்காது. ஊரில் உறங்குவோர்க்கும் படிப்போர்க்கும் நோயாளிகளுக்கும் அமைதி கிடையாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியை இயக்குவதற்கு 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் வரம்பு கட்டியுள்ளன. தெளிவான ஒலி தாழ்ந்திருந்தாலும் விளங்கும். தெளிவற்ற ஒலி உரத்திருந்தாலும் விளங்காது. ஆகவே, நல்ல மின்வழங்கி கேட்போர்க்கு நன்மை செய்வதோடு, கேட்க விரும்பாதார்க்கும் நன்மை செய்கின்றது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஏரி பெரிதாகப் பெரிதாக ஒலியும் இனிதாகிக்கொண்டே போகுமா? போகாது. எதற்கும் அளவு உண்டு. தேவைக்கு மிஞ்சிய பெரிய மின்தேக்கி, மேட்டின் உச்சியில் மிகக் குறுகிய நேரத்தில் பெருமின்னோட்டத்தை இழுத்து, மின்மாற்றியையும் மின்திருத்தியையும் சூடாக்கும். 1927-ஆம் ஆண்டில் ஹெரால்ட் பிளாக் என்பார், வெளிவரும் அலையின் ஒரு பங்கை மீண்டும் உள்ளே செலுத்திப் பிழையைத் திருத்தும் எதிர்ப் பின்னூட்ட முறையைக் கண்டார். அம்முறையால் மின்வழங்கியின் சிறு தள்ளாட்டங்கள் ஒலியில் தோன்றாமல் பெரிதும் அடங்கிவிடும். ஆயினும், ஆற்றல் அடியோடு தீர்ந்துவிட்டால், எத்திருத்தமும் இல்லாததை வரவழைக்க மாட்டாது.

இக்காலத்து மின்வழங்கிகள் சில வேறொரு வழியை மேற்கொள்கின்றன. அவை மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைத்து, சிறிய மின்மாற்றி வழியே செலுத்துகின்றன. நாளுக்கு ஒருமுறை நீர் கிடைக்கும் வீட்டுக்குப் பெரிய அண்டா வேண்டும். இடையறாது குழாயில் நீர் வரும் வீட்டுக்குச் சிறு குடமே போதும். அதுபோல, விரைந்து விரைந்து நிரம்புவதால் இவற்றின் வெளிப்புறத்துக்குச் சிறிய தேக்கமே போதுமானதாகின்றது. பெட்டியின் எடையும் குறைகின்றது. ஊர்க்கம்பியின் ஏற்றத்தாழ்வையும், நன்கு அமைந்தவை தாமே சரிசெய்து கொள்ளும். செம்மையாக அமையாதவையோ வானொலியில் இரைச்சலைக் கலக்கும். பெருக்கிக்கு வேண்டிய ஆற்றலை வேண்டிய கணத்தில், தள்ளாடாது தந்துவிட்டால், அது பழைய முறையா புதிய முறையா என்பதைக் காது அறியாது. அதற்கு மேல் செலவிடும் பணம் பெட்டியின் விலையை உயர்த்துமேயன்றி, ஒலியை உயர்த்தாது.

கூத்துக் களரியில் கட்டியக்காரனைப் புகழ்வர், பாஞ்சாலியாக வந்தவரைப் புகழ்வர், மத்தளக்காரரையும் புகழ்வர். திரைக்குப் பின்னால் ஒரு மூலையில், சூடேறிய பெட்டியருகே அமர்ந்து, அளவுகாட்டியின் முள்ளையே விடியும்வரை நோக்கியிருப்பவரைப் புகழ்வார் எவரும் இலர். அவர் பணி செம்மையாக நடந்தால் அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது, தவறினால்தான் தெரியும். மின்வழங்கியின் இயல்பும் அதுவே. தன் ஒலி சிறிதும் கேளாதபடி இருப்பதே அதற்குப் பெருமை. பிறர் குரல் கடைசி வரிசை வரை பிழையின்றிச் சென்று சேர்வதே அதற்குப் பயன்.

ஒலிபெருக்கியின் சிறப்பை அறிய விரும்புவோர் எத்தனை குழாய்கள் கட்டியிருக்கின்றனர் என்று எண்ண வேண்டுவதில்லை. கூட்டத்தின் பின்கோடியில், பாய் முடியும் இடத்தில் அமர்ந்திருக்கும் முதியவரைப் பார்த்தால் போதும். பாஞ்சாலி சூளுரைக்கும்போது அவர் பக்கத்தில் இருப்பவரை ஒன்றும் வினவாமல், கண்கலங்கி நிமிர்ந்து அமர்ந்திருப்பாராயின், ஏரி நிரம்பியிருக்கின்றது என்று அறியலாம்.